ஒரே வாயில் மூன்று மாத்திரை

மாத்திரைக் கணக்கு சரியாக இருந்தது. எங்களைக் குழப்பியதே அதுதான்.

கர்ப்பத்தின் 32-ஆவது வாரத்தில் எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் அளவு ஒரு மில்லிக்கு 4,260 என்று முடிவு வந்திருந்தது. கர்ப்பத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வாங்கிய பெண் அவர். டப்பாவில் 30 மாத்திரை இருக்கும். 28-ஆம் நாள் டப்பாவோடு வருவார், உள்ளே இரண்டு மிச்சம் இருக்கும். மாதா மாதம் இதே கணக்கு. மாத்திரையைக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து எண்ணிக்கை காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் அந்த ரகம் இல்லை. ஏழு வயதிலிருந்து மாத்திரை போடுகிறவர்.

நான் டெல்டாவில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசுவது, கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்ப்பது, குழந்தைக்கு 18 மாதம் ஆகும்வரை பின்னாலேயே ஓடுவது, இதுதான் வேலை. எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் கூட்டு மருந்தின் (ஏ.ஆர்.டி.) தலைமை மையம் மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. மாதாந்திர மாத்திரையை எங்கள் மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பெண்ணின் ஊரைச் சொல்ல மாட்டேன். வெண்ணாற்றுப் பாசனம் என்ற அளவில் போதும். தேதிகளையும் குடும்ப விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டபோது, “எம் பேரு வராதுல்ல மேடம்? அப்ப எழுதுங்க” என்றார். அவர் கேட்காவிட்டாலும் பெயர் வந்திருக்காது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டப்படி, அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய தொற்றை வெளியே சொல்வது குற்றம்.

அவர் பிறந்த விதம்

இவருக்குத் தொற்று கணவரிடமிருந்து வரவில்லை. 2001-இல் பிறந்தபோதே அம்மாவிடமிருந்து வந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் மனம் நேராகக் கணவர் பக்கம் போய் நிற்கும். கணவருக்குத் தொற்று இல்லை. இவர் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து கையை நீட்டிப் பரிசோதனை செய்துகொண்டு போவார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், அதிகம் பேச மாட்டார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவியாக இருந்த நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் அது தெரிந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதை மருந்தால் குறைக்க முடியும் என்பது 1994-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வில் உறுதியானது. ஜிடோவுடின் என்ற மருந்தைக் கொடுத்தபோது 25.5 சதவீதம் என்று இருந்த பரவல் 8.3 ஆக இறங்கியது. நம் நாட்டில் அதற்கான அரசுத் திட்டம் 2002-இல்தான் தொடங்கியது. இவருடைய அம்மா பிரசவித்த 2001-இல் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை என்பதே இந்தப் பக்கத்து ஊர்களில் கிடையாது. மருந்து எதுவும் கொடுக்காமல், தாய்ப்பாலும் கொடுத்தால், நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகும். அந்த நூறில் இவர் தப்பாத பக்கம் விழுந்தார். அம்மா 2007-இல் காலமானார். அதன் பிறகுதான் குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

வளர்த்தது அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவர். கடைமடைப் பக்கம், கடலுக்கு ரொம்பத் தூரம் இல்லாத ஊர். 2008-இல் மாத்திரை ஆரம்பித்தபோது அம்மாயிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. காலையில் மில் சங்கு ஊதினால் ஒன்று, ராத்திரி தொலைக்காட்சிச் செய்தி முடிந்தால் ஒன்று. அப்படியே பத்து வருஷம் ஓடியது. ஸ்டாவுடின் மாறி ஜிடோவுடின், அது மாறி டெனோபோவிர், கடைசியாக 2021-இல் டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை. நாங்கள் ‘டி.எல்.டி.’ என்று சொல்வது அதைத்தான். ஒன்றுக்குள் மூன்று மருந்து: டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் போதும்.

வேலைக்கு நான் வந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஒற்றை நெவிரபின் மாத்திரை. வலி கண்டதும் தாய் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் சில சொட்டு. அவ்வளவுதான். ஏழாம் மாதமே அந்த மாத்திரையைக் கையில் கொடுத்து, புடவை முந்தியில் முடிந்துகொள்ளச் சொல்வேன். அது பரவலை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததே தவிர, நிறுத்தவில்லை. 2014 ஜனவரியிலிருந்து கர்ப்பிணி என்றால் எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் உடனே கூட்டு மருந்து, வாழ்நாள் முழுக்க. தாயின் வைரஸ் அளவை நன்றாக அடக்கிவைத்தால் குழந்தைக்குப் போவது நூற்றில் ஒன்று, இரண்டுக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆக, எல்லாம் அந்த ‘அடக்கிவைத்தால்’ என்ற சொல்லில் நிற்கிறது. 4,260 என்ற எண் எங்களைத் தூங்கவிடாததற்குக் காரணம் அதுதான். 32 வாரத்துக்குப் பிறகு 1,000-க்கு மேலே இருந்தால் பிறக்கப்போகிற குழந்தை ‘அதிக ஆபத்து’ பட்டியலுக்குப் போய்விடும்.

முதலில் தப்பாகப் பார்த்தது

ரிப்போர்ட் கைக்கு வந்தபோது 34-ஆவது வாரம் நெருங்கிவிட்டது. எங்கள் டாக்டருக்கு வந்த முதல் சந்தேகம் மருந்து எதிர்ப்பு. சின்ன வயதிலிருந்து நாலைந்து மருந்து மாறியவர், எங்காவது வைரஸ் பழகிக்கொண்டிருக்கலாம். நியாயமான சந்தேகம்தான். மாநில நிபுணர் குழுவுக்கு அனுப்புவதற்கான தாளைக்கூட எடுத்துவைத்துவிட்டார்.

எனக்கு வந்த சந்தேகம் அதைவிட மோசம். புகுந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாது, நாத்தனாருக்குத் தெரியாது. பயத்தில் பாதி நாள் போடாமல் இருக்கிறாரோ என்று நினைத்தேன். அன்று அவரிடம் நான் பேசிய விதமும் அப்படித்தான் இருந்தது. “உண்மையைச் சொல்லும்மா, எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டேன். அவர் அழவில்லை, கோபப்பட்டார். “பதினஞ்சு வருஷமா போடறேன் மேடம். இப்ப வயித்துல புள்ளைய வச்சிகிட்டா விடுவேன்?” என்றார். கணவர் பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார்.

எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கைதான் வரும். எப்போது, எதோடு, எப்படி என்று கேட்டால்தான் வீடு வரும். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள், நானே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். அன்று மறந்துவிட்டேன். மறுபடி அழைத்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “நேத்து முழிச்சதுலேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லு” என்றேன்.

நேற்று விடிந்ததிலிருந்து

நாலேகாலுக்கு எழுந்திருக்கிறார். தாளடி நடவு நேரம் அது. மாமியாரும் நாத்தனாரும் நடவுக்குப் போகிறவர்கள். ஐந்தரைக்கு ஆள் ஏற்றும் வண்டி வந்துவிடும், அதற்குள் சோறு வடித்துத் தூக்கில் கட்டிக் கொடுக்க வேண்டும். எட்டு மாதக் கர்ப்பிணியை வயலுக்கு யாரும் கூப்பிடவில்லை, அடுப்படி அவருடையது. உலை வைத்ததும் முதல் வேலை மாத்திரை.

“எப்படிப் போடுவே?”

“தண்ணி மொண்டுகிட்டு மூணையும் ஒரே வாயில போட்டுருவேன் மேடம்.”

“எந்த மூணு?”

“சத்து மாத்திரை, கால்சியம், நம்ம மாத்திரை.”

கல்யாணமான புதிதில் அவர் ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கணவரும் இவரும் தனி அறை. கர்ப்பமான பிறகு நாத்தனார் துணைக்கு என்று அதே அறையில் வந்து படுத்துக்கொண்டார். ராத்திரியில் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் குப்பி கடகடவென்று உருளும். எவ்வளவு நாள் தும்மலிலும் இருமலிலும் அந்தச் சத்தத்தை மறைப்பது? நாலாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்தார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கர்ப்பிணி மாத்திரை போட்டால் எந்த வீட்டிலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போடாவிட்டால்தான் கேட்பார்கள். இரும்பு மாத்திரை சிவப்பு. கால்சியம் வெள்ளை. நம் மாத்திரையும் வெள்ளை, நீள்வட்டம். வாரம் ஒருமுறை ஏழு மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துக் கால்சியம் வைக்கிற காகித உறைக்குள் போட்டுக்கொள்வார். டப்பா கணவரின் பட்டறையில், வெல்டிங் கம்பிப் பெட்டிக்குள். உறை அடுப்படி மாடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி.

“மாமியாரே எடுத்துக் குடுப்பாங்க மேடம். ‘சத்து மாத்திர போட்டியா’ன்னு கேப்பாங்க. வெள்ளையோட வெள்ளையா கெடக்கும்.”

அவர் இதைச் சொன்னபோது குரலில் ஒரு பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வயதில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு ரகசியத்தைப் பகலில் வைத்திருப்பது லேசான காரியமா? ஒளித்துவைக்கத் துணைக்கு அழைத்த மாத்திரையே மருந்தைத் திருடும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் சொல்லவில்லை. சத்து மாத்திரை கொடுத்தது ஓர் இடம், கூட்டு மருந்து கொடுத்தது வேறு இடம். இரண்டும் ஒரு வயிற்றுக்குள்தான் போகின்றன என்பது இரண்டு இடத்துக்கும் தெரியும், ஆனால் கேட்கவில்லை. டி.எல்.டி. ஆரம்பித்தபோது நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன், “சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதே” என்று, 2021-இல், கல்யாணத்துக்கு முன்னால், அவர் எந்தச் சத்து மாத்திரையும் போடாத காலத்தில். கர்ப்பமானதும் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வயிற்றில் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ள டோலுடெக்ராவிர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தன்னுடைய மரபுச் சரட்டை நம் அணுவின் மரபணுவுக்குள் சொருகிக்கொள்ளும் வைரஸ். அந்தச் சொருகல் வேலைக்கு ‘இன்டெக்ரேஸ்’ என்று ஒரு நொதி இருக்கிறது. அதன் மையத்தில் இரண்டு மெக்னீசிய அயனிகள் உட்கார்ந்திருக்கும். டோலுடெக்ராவிர் போய் அந்த உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது, நொதி முடங்கிவிடுகிறது. உலோகத்தைக் கவ்வுவதுதான் அதன் தொழில். வெறும் வயிற்றில் இரும்பும் கால்சியமும் கூடவே வந்து விழுந்தால்? அங்கேயே கவ்விக்கொள்கிறது. கவ்விக்கொண்டது குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது.

ஆரோக்கியமானவர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் கால்சியத்தோடு போட்டால் ரத்தத்தில் சேரும் டோலுடெக்ராவிர் 39 சதவீதம் குறைகிறது, இரும்போடு போட்டால் 54 சதவீதம். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இந்தக் குறைவு இல்லை. வெறும் வயிறு என்றால் டோலுடெக்ராவிர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவற்றைப் போடலாம். இவற்றை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அதைப் போட வேண்டும். நம் பெண் விடிகாலை நாலரைக்கு, முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட வயிற்றோடு, மூன்றையும் சேர்த்துப் போட்டிருக்கிறார், கிட்டத்தட்ட ஐந்து மாதம். அது போக, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். மற்ற இரண்டு மருந்துக்கும் இந்தத் தொந்தரவு இல்லை. அவை நின்று வேலை பார்த்ததால்தான் எண் லட்சத்துக்கு ஓடாமல் நாலாயிரத்தில் நின்றது என்பது டாக்டரின் கணிப்பு.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் திறந்தாயிற்று, கல்லணையில் திறந்தாயிற்று, கணக்குப் புத்தகத்தில் கன அடி சரியாக இருக்கிறது, கடைமடைக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. மதகை எண்ணிப் பிரயோஜனம் இல்லை. வாய்க்கால் கரையோடு நடந்து போய் நடுவில் எங்கே உடைப்பு என்று பார்க்க வேண்டும். நான் அந்தப் பெண்ணிடம் இப்படித்தான் சொன்னேன். “சரி மேடம், அப்ப மடைய மாத்திக் கட்டுவோம்” என்றார்.

நர்சம்மா சத்தமாகச் சொன்னது

எதை மாற்றுவது? டாக்டர் சொன்னது: நம் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். மருத்துவப்படி அது சரி. ராத்திரி அறையில் நாத்தனார் இருக்கிறார், அதனால் நடக்காது. விடிகாலை நாலரை மணி ஒன்றுதான் அந்த வீட்டில் அவருக்கென்று இருக்கும் நேரம். அதை எடுத்துவிட்டு வேறு நேரம் கொடுத்தால் ஒரு வாரத்தில் மாத்திரையே தவறத் தொடங்கும் என்று எனக்குப் பட்டது. ஒளிக்க வேண்டிய மாத்திரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஒளிக்கத் தேவையில்லாத இரண்டையும் நகர்த்துவோம் என்று முடிவு செய்தோம். நாலரைக்கு நம் மாத்திரை மட்டும். கால்சியம் ஒன்பது மணிக்கு, இட்லி சாப்பிட்ட பிறகு. இரும்பு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். இரண்டாவது கால்சியம் ராத்திரி, எல்லோர் முன்னாலும்.

ஆனால் மாமியார் கேட்பாரே? நேற்றுவரை ஒன்றாகப் போட்டதை இன்று ஏன் பிரித்துப் போடுகிறாய் என்று.

இங்கேதான் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு வழி கிடைத்தது. இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போடக் கூடாது என்பது எல்லாக் கர்ப்பிணிக்கும் பொருந்தும் விஷயம். கால்சியம் இரும்பு சேர்வதைத் தடுக்கும். எனவே அந்த ஊருக்கான கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசினேன். இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “நிறையப் பேரு ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்டு ரத்தம் ஏறலைன்னு வர்றாங்க சிஸ்டர், செவ்வாய்க்கிழமை கிளினிக்ல சொல்லுங்களேன்” என்றேன். அவர் கிளினிக்கிலும் சொன்னார், வீடு வீடாகப் போகும்போது திண்ணையில் உட்கார்ந்து மாமியார்களிடமும் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கணீர்க் குரல், தெருவுக்கே கேட்டிருக்கும்.

இந்த வீட்டு மாமியார் அன்று ராத்திரி சொன்னதாம்: “நர்சம்மா சொன்னாங்கள்ல, பிரிச்சுப் போடு. எங்க காலத்துல எவ சொன்னா இதெல்லாம்.” மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் வயலிலிருந்து போன் செய்து சத்து மாத்திரை போட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கணவரிடம் ஆணுறையைப் பற்றிப் பேசினேன். வைரஸ் அடங்கியிருந்தவரை உறவால் அவருக்குத் தொற்று போகாது என்ற நிலை இருந்தது, நாலாயிரத்தில் அந்தப் பேச்சு செல்லாது. அதற்கும் தலையை ஆட்டினார்.

ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்து, வழக்கம்போல அம்மாயி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒளிக்க ஒன்றும் இல்லை. டப்பா சாமி மாடத்தில் இருந்தது. 37-ஆவது வாரம் மறுபடி ரத்தம் எடுத்தோம். அன்று விடாத மழை. மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். குழந்தை காத்திருக்கவில்லை.

சேனை

மார்கழி, ராத்திரி பதினொன்றேகால். அம்மாயி ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், பெண் குழந்தை, 2 கிலோ 800. நம் நாட்டு நடைமுறைப்படி எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. பனிக்குடத்தைச் செயற்கையாக உடைக்காமல், தேவையின்றிக் கத்தரிக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட் வராததால் குழந்தை அதிக ஆபத்துக் கணக்கில்தான் இருந்தது. அப்படியென்றால் இரண்டு மருந்து: நெவிரபின் சிரப் ஒரு நாளைக்கு ஒரு தடவை 1.5 மில்லி, ஜிடோவுடின் சிரப் இரண்டு தடவை 1.5 மில்லி. இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இந்த அளவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்பதால் 12 வாரம். பிரசவ அறையில் நெவிரபின் இருந்தது. ஜிடோவுடின் இல்லை.

யாரைக் குற்றம் சொல்வது? இரண்டு மருந்து தேவைப்படும் குழந்தைகள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும் இடத்தில் அந்த பாட்டில் தேதி முடிந்து போய்விடும். 36-ஆவது வாரத்திலேயே நான் ஒரு பாட்டிலை வாங்கி அங்கே சேர்த்திருக்கலாம். “ரிப்போர்ட் வந்துவிடும், ஒன்றே போதுமானதாக இருக்கும்” என்று நினைத்துவிட்டேன். கணவர் விடிகாலை பைக்கில் கிளம்பி, ஏ.ஆர்.டி. மையம் திறக்கும்வரை வாசலில் நின்று, வாங்கிக்கொண்டு வந்து சேர மதியம் ஒரு மணி. பிறந்து பதினாலு மணி நேரம் கழித்து முதல் ஜிடோவுடின். அதன் பிறகு 32-ஆவது வாரத்தில் வைரஸ் அளவு ஏறிய ஒவ்வொருவருக்கும் இரண்டு பாட்டிலும் பிரசவ மருத்துவமனைக்கு முன்கூட்டியே போகிறது.

நெவிரபின் விஷயத்தில் வேறொரு சிக்கல். நான் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாயி வெள்ளிச் சங்கில் சீனித் தண்ணீர் கரைத்துக் கையில் வைத்திருந்தார், சேனை வைக்க. நைட் டியூட்டி செவிலியரும் அவரும் ராத்திரி முழுக்க வாக்குவாதம். நெவிரபின் கொடுத்தாகிவிட்டது என்று செவிலியர் நினைத்துக்கொண்டிருந்தார். சீட்டில் டிக் அடித்திருந்தது, சிரிஞ்ச் மேசையில் நிரம்பியே இருந்தது. சண்டையில் விட்டுப்போயிருக்கிறது.

தாய்ப்பாலோடு வேறு எதுவும் கலந்து கொடுக்கக் கூடாது என்பதில் நாங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம் என்றால், சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், மாட்டுப்பால், உரை மருந்து, எதுவாக இருந்தாலும் குழந்தையின் குடல் சுவரை அரித்துப் புண்ணாக்கலாம். தாய்ப்பாலில் வைரஸ் இருந்தால் அந்தப் புண் வழியாக உள்ளே நுழைந்துவிடும். தாய் கூட்டு மருந்தில் இருந்து, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் ஆபத்து மிகக் குறைவு. தாய்ப்பாலும் மற்றதும் கலந்தால்தான் ஆபத்து கூடும்.

அம்மாயிக்கு இதெல்லாம் தெரியும். பேத்தியை மாத்திரையோடு வளர்த்தவர். ஆனாலும், “சேன வக்காம புள்ளைய எப்புடி வச்சிருக்கறது? யாரு சேன வக்கிறாங்களோ அவங்க கொணந்தான் வரும். இவ அம்மாளுக்கும் நாந்தான் வச்சேன், இவளுக்கும் நாந்தான் வச்சேன்” என்றார். கண்ணில் தண்ணீர். மகள் போனதும் பேத்தி மாத்திரைக்காரி ஆனதும் தன் கைராசியால்தான் என்று ஒரு நினைப்பு அவருக்கு அடிமனதில் இருந்ததோ என்னவோ. இந்த முறை சரியாக வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் சங்கை வாங்கிக் கீழே வைத்தேன். மேசையிலிருந்த சிரிஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஊசி இல்லாத சிரிஞ்ச், உள்ளே ஒன்றரை மில்லி வெள்ளைச் சிரப். “அம்மாயி, இதுதான் சேனை. நீங்களே வையுங்க.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குழந்தையின் கன்னத்தோரம் சிரிஞ்ச் முனையை வைத்து, சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் குழந்தை சப்புக்கொட்டும்வரை நிறுத்தி நிறுத்தி விட்டார். ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. செவிலியர் நேரத்தை எழுதினார்: 6.20. ஏழு மணி நேரத் தாமதம். அடுத்த 12 வாரமும் சிரிஞ்ச் அம்மாயி கையில்தான். ஒரு வேளை தவறவில்லை.

நாலாம் நாள் போனில் ரிப்போர்ட் வந்தது. 37-ஆவது வாரத்தின் அளவு 150-க்கும் கீழே. மூன்று வாரத்தில் நாலாயிரத்திலிருந்து இறங்கியிருந்தது. மருந்து மாற்றவில்லை, அளவு கூட்டவில்லை, இரண்டு மாத்திரையை நகர்த்தியதோடு சரி. நிபுணர் குழுவுக்கான தாள் டாக்டரின் மேசையிலேயே கிடந்தது. குழந்தைக்கு இனி ஒரு மருந்து போதாதா என்று கேட்டேன். தொடக்கத் தாமதத்தைக் காரணம் காட்டி அவர் இரண்டையுமே முழுக்க ஓடவிட்டார். ஜிடோவுடின் ரத்தசோகை உண்டாக்கக்கூடியது என்பதால் நடுவில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டோம்.

குதிகால்

ஆறாவது வாரம், தை மாதக் கடைசி. வெளியே கதிர் அறுக்கும் இயந்திரம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். வெந்நீரில் நனைத்த துணியால் குதிகாலைச் சூடு காட்டி, பக்கவாட்டில் ஒரு குத்து. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்தடுத்த துளிகளை வடிதாள் அட்டையின் ஐந்து வட்டங்களிலும் நிரப்ப வேண்டும். வட்டம் நிறைந்து மறுபக்கம் தெரிய வேண்டும், ஒரே வட்டத்தில் இரண்டு முறை விடக் கூடாது. நாலாவது வட்டத்தில் குழந்தை காலை இழுத்துக்கொண்டு, ரத்தம் என் புடவையில். அட்டையை வெயில் படாமல் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அன்றே, மற்ற தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் ஆரம்பம். வழக்கமான எதிர்ப்பொருள் சோதனை இந்த வயதில் உதவாது. தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், தொற்று இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிறோம்.

ஆறாவது வாரம் தொற்று இல்லை என்று வந்தது. ஆறாவது மாதமும் இல்லை, பன்னிரண்டாவது மாதமும் இல்லை.

ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். நெவிரபின், ஜிடோவுடின் இரண்டும் அதற்குள் முடிந்திருந்தன. கோட்ரைமாக்சசோல் மட்டும் மிச்சம். அது மாமியார் வீட்டில் ‘சளி மருந்து’ என்ற பெயரில் ஓடியது. எந்நேரமும் சளி பிடிக்கிற குழந்தை என்று தெருவில் பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

பதினெட்டாம் மாதம் மூன்று கிட்டிலும் எதிர்ப்பொருள் சோதனை. மூன்றிலும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும், அதாவது தொற்று இல்லை. முடிவை நான் பதிவேட்டில் எழுதும்போது குழந்தை பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. பக்கத்தில் அம்மாயி இல்லை, மூட்டு வலியில் வரமுடியவில்லையாம். அவருக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணே சொன்னார். மறுமுனையில் என்ன பேசினார் என்று கேட்கவில்லை, இவர் ரொம்ப நேரம் “ம்” கொட்டிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது கதவருகே நின்றார்.

“மேடம், இன்னொண்ணு. சத்து மாத்திர ரெண்டு அட்ட கெடைக்குமா?”

ஹீமோகுளோபின் பார்த்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, 12 இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

“பாலும் மறந்தாச்சு, சத்து மாத்திரையும் நிறுத்தியாச்சு. மாடத்துல நம்ம மாத்திர தனியா கெடக்கு மேடம். ஏன் இன்னும் போடறேன்னு கேட்டா?”

மருந்தகத்தில் கேட்டு இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் என்று மூன்று தடவை சொல்லி, அட்டையின் பின்னாலும் எழுதிக் கொடுத்தேன்.